குளம் முந்தியதா, அரசன் முந்தியவனா?

பாலைநிழல் எழுதியது:

வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். கடந்த வாரம் நதிக்கரை நாகரிகங்கள் என்ற பகுதியைத் தொடங்கினேன். தைகிரிஸ், யூப்ரட்டீஸ், நைல், சிந்து, மஞ்சள் ஆறு என்று வழமைபோலக் கரும்பலகையில் எழுதினேன். ஆற்று நீரைக் கட்டுப்படுத்தப் பெருந்தொகையான மக்களைத் திரட்ட வேண்டியிருந்தது என்றும், திரட்டுவதற்கு ஒரு தலைமை வேண்டியிருந்தது என்றும், அந்தத் தலைமையே காலப்போக்கில் அரசாக மாறியது என்றும் விளக்கினேன். இருபது ஆண்டுகளாக நான் சொல்லிவருகிற விளக்கம் இதுதான். அப்போது ஒரு மாணவி எழுந்து, "அப்படியென்றால் எங்களுடைய குளத்தைக் கட்டின அரசன் யார், சேர்?" என்று கேட்டாள்.

அவளுடைய ஊர்க் குளம் நாற்பது, ஐம்பது ஏக்கர் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிற சிறிய குளம். அதற்கு எந்த அரசனுடைய பெயரும் இல்லை. காட்டை வெட்டி, மண் சுமந்து, கட்டுப் போட்டவர்கள் தன் பாட்டனாரின் முன்னோர் என்றே அவளுக்கு வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அரசன் இல்லாமல் குளம் கட்ட முடியும் என்றால், நீரை ஆள்வதற்காகத்தான் அரசு பிறந்தது என்று நான் சொல்வது எப்படிப் பொருந்தும்? அடுத்த வாரம் அவளுக்கு நேர்மையான ஒரு விடை சொல்ல விரும்புகிறேன். இங்குள்ளவர்களில் வயல் செய்கிறவர்களும், குளத்து வேலை பார்த்தவர்களும், தொல்லியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

மாந்தைக்கரை எழுதியது:

ஆசிரியர் அவர்களுக்கு, அந்தப் பிள்ளை கேட்டது சிறிய கேள்வி அல்ல. நீங்கள் சொல்லிவந்த விளக்கத்தை மிக வலுவாக முன்வைத்தவர் கார்ல் விட்ஃபோகல். பெரும் நீர்ப்பாசனம் மையப்படுத்தப்பட்ட அதிகாரத்தைக் கட்டாயமாக்குகிறது, அந்த அதிகாரம் கொடுங்கோன்மையாக முற்றுகிறது என்று அவர் 1957இல் வாதிட்டார். அதற்கு முன்பே கோர்டன் சைல்ட், பயிர்ச்செய்கை உபரியைத் தந்தது, உபரி நகரத்தைத் தந்தது என்று ஒரு படிவரிசையை வகுத்திருந்தார். பாடநூல்களில் நாம் படிக்கிற கதை பெரும்பாலும் இவை இரண்டும் கலந்ததுதான்.

ஆனால் மண்ணிலிருந்து வெளிவந்த சான்றுகள் இந்தப் படிவரிசையைப் பல இடங்களில் குலைத்துவிட்டன. தென்கிழக்குத் துருக்கியில் உர்பா நகருக்கு அருகே உள்ள கோபெக்லி தெப்பேயை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாவுஸ் ஷ்மிட் 1995 முதல் அங்கே அகழ்ந்தார். கி.மு. 9500 அளவில் எழுப்பப்பட்ட, ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் உயரம் வரையான கற்றூண்கள் வட்டமாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. அவற்றில் நரியும் பாம்பும் தேளும் செதுக்கப்பட்டுள்ளன. அங்கே கிடைத்த எலும்புகள் காட்டு விலங்குகளுடையவை, தானியங்களும் காட்டுத் தானியங்களே. அதாவது வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த மக்கள், வயலும் அரசனும் இல்லாமல், நூற்றுக்கணக்கானோர் கூடிச் செய்ய வேண்டிய ஒரு வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள்.

யோர்தானில் உள்ள சுபைக்கா என்ற இடத்து அடுப்பொன்றில் 14,400 ஆண்டுகளுக்கு முன் சுட்ட ரொட்டியின் கருகிய துணுக்குகள் கிடைத்துள்ளன. பயிர்ச்செய்கை தொடங்குவதற்கு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னரே காட்டுத் தானியத்தை இடித்து மாவாக்கி, பிசைந்து சுட்டிருக்கிறார்கள். எரிக்கோவில் கி.மு. 8000 அளவில் எட்டரை மீற்றர் உயரக் கற்கோபுரமும் மதிலும் கட்டப்பட்டன. அந்த மதில் பகைவருக்காக அன்று, வெள்ளமும் சேறும் ஊருக்குள் வராமல் தடுக்கவே கட்டப்பட்டது என்று ஓஃபர் பார்-யோசெப் கருதினார். அவர் சொன்னது சரியென்றால் அதை ஒரு வகைக் குளக்கட்டு என்றே சொல்லலாம். அந்த ஊரில் அரண்மனையும் இல்லை, அரசனுடைய கல்லறையும் இல்லை.

நம்முடைய நிலத்தையும் விட்டுவிட வேண்டாம். இலங்கையின் மிகப் பழைய கற்கருவிகள் கிடைக்கும் சரளைப் படிவுகளுக்கும் அவற்றின் மேலுள்ள செம்மணல் படிவுகளுக்கும் நிலவியலில் 'இரணைமடுப் படிவு' என்றே பெயர். சிரான் தெரணியகல இப்படிவுகளை ஆராய்ந்தார். தெற்கே புந்தலைப் பகுதியில் இதே வகைப் படிவுக்கு ஏறத்தாழ 1,25,000 ஆண்டு என்று காலம் கணித்தார்கள். கிளிநொச்சியில் வீடு கட்ட அத்திவாரம் வெட்டுகிறபோது மண்வெட்டியில் தட்டுப்படுகிற அந்தச் சிவந்த சரளை, மனிதன் படிகக் கல்லை உடைத்துக் கத்தியாக்கிய காலத்துத் தரை. வன்னியில் இந்தத் திறந்தவெளிப் படிவுகளில் எலும்புகள் மிஞ்சவில்லை. தென்மேற்கில் பாகியங்கலைக் குகையில் அவை மிஞ்சியிருப்பதால், 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள் எலும்பு முனை வைத்த அம்புகளால் குரங்கையும் மர அணிலையும் வேட்டையாடினார்கள் என்று தெரிகிறது. மந்தியைக் குறி பார்த்து வீழ்த்துவது எவ்வளவு கடினம் என்பதை நம் காடுகளில் திரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த மக்களை அறிவு குறைந்தவர்கள் என்று எண்ணிக்கொண்டு நாகரிகத்தின் கதையைத் தொடங்கினால், முதல் வரியிலேயே பிழை விட்டுவிடுவோம்.

துருசடி எழுதியது:

குளத்து வேலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். மாந்தைக்கரை தம்பி சொல்கிற தூண்களையும் கோபுரத்தையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தூணை நிறுத்தினால் நிறுத்தியதுதான், ஆண்டுதோறும் அதற்குக் காவல் இருக்க வேண்டியதில்லை. குளம் அப்படியல்ல, கட்டி முடித்த அன்றைக்குத்தான் அதனுடைய வேலை தொடங்குகிறது.

ஆசிரியர் சொல்கிற அளவுக் குளத்தை இருபது குடும்பங்கள் இரண்டு மூன்று கோடையில் கட்டிவிடலாம் என்பது என் கணிப்பு. நிலம் எங்கே தாழ்கிறது என்பதை மழைக்காலத்தில் தண்ணீரே காட்டிவிடும். அந்த இடத்தில் குறுக்கே மண்ணைப் போட்டு, மாட்டை நடத்தி மிதிக்க வைத்து, ஒரு பக்கம் வான் பாய்வதற்கு, அதாவது மிகுந்த நீர் வழிந்தோடுவதற்கு, தாழ்வாக விட்டால் போதும். மேற்குளத்தில் வான் பாய்கிற தண்ணீர் கீழ்க்குளத்துக்குப் போகும், அதிலிருந்து அடுத்ததற்குப் போகும். வன்னியில் இப்படித் தொடராகக் கிடக்கிற குளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அரசன் வேண்டியிருந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வவுனிக்குளத்துக்கு வாருங்கள். பாலியாற்றை மறிப்பது இருபது குடும்பத்தின் வேலை அல்ல. அக்குளத்தைப் பழைய நூல்கள் சொல்லும் பேலிவாபி என்று அடையாளம் கண்டவர் ஹென்றி பார்க்கர். அவரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரே. பழைய துருசுகளை, அதாவது குளத்து மதகுகளை, அளந்து பார்த்த அவர், கட்டுக்கு உள்ளே கல்லால் ஒரு சதுரக் கிணறு போல அமைத்து, நீரின் விசையை அதற்குள் அடக்கி, பிறகு வாய்க்காலுக்கு விடும் முறையைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். முப்பதடி ஆழத்து நீர் ஒரு துளை வழியே வெளியேறும்போது அது கட்டையே தின்றுவிடும். அந்த விசையை அடக்கத் தெரிந்த பின்னர்தான் பெருங்குளம் கட்ட முடியும். கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்குப் போகிற ஐம்பத்து நான்கு மைல் வாய்க்கால் அதன் முதல் 17 மைலில் மைலுக்கு 6 அங்குலம் மட்டுமே சரிகிறது. அதை வெட்டுவதற்கு மட்டம் பார்க்கத் தெரிந்தவன் வேண்டும், அவனுக்குச் சோறு போடுகிறவன் வேண்டும், வழியில் இருக்கிற ஊர்களைச் சம்மதிக்க வைக்கிறவனும் வேண்டும். இவர்களை எல்லாம் ஒன்றாகக் கட்டி வைக்கிற அதிகாரத்துக்கு அரசு என்பதைத் தவிர வேறு என்ன பெயர் இருக்கிறது?

மாந்தைக்கரை எழுதியது:

ஐயா, பெருங்குளத்துக்குப் பெரிய அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எது முந்தியது என்பதில்தான் வேறுபடுகிறோம். விட்ஃபோகலுக்கு மிகச் சரியான மறுப்பு நம்முடைய நிலத்தை வைத்தே எழுதப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. எட்மண்ட் லீச் என்ற மானிடவியலாளர் 1954இல் வடமத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற சிற்றூரில் தங்கி, அந்த ஊர்க் குளத்து நீரை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்று வயல் வயலாகக் குறித்தார். பின்னர் 1959இல் எழுதிய கட்டுரையில், ஊர்க் குளம் அரசு இல்லாமல் நடக்கும் என்றும், நீங்கள் சொன்ன அந்த நீண்ட வாய்க்காலும் அதைச் சேர்ந்த குளங்களும் ஒரே திட்டமாக ஒரே அரசன் காலத்தில் பிறந்தவை அல்ல, பல நூற்றாண்டுகளில் துண்டு துண்டாகச் சேர்ந்தவை என்றும் காட்டினார். நம் பழைய கல்வெட்டுகளில் 'வாபிஹமிக' என்ற ஒரு சொல் வருகிறது. குளத்துக்கு உடையவர் என்று அதற்குப் பொருள் கொள்கிறார்கள். அரசர் அல்லாதவர்களும் குளம் வைத்திருந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம்.

தென் மெசப்பொத்தேமியாவிலும் இதே கதைதான். ரொபேர்ட் அடம்ஸ் பல ஆண்டுகள் அந்தச் சமவெளியில் பழைய வாய்க்கால்களின் தடங்களையும் மேடுகளில் சிதறிக் கிடந்த மட்பாண்ட ஓடுகளையும் தேடி அலைந்தார். முதல் நகரங்கள் எழுந்தபோது இருந்தவை ஆற்றின் கிளைகளிலிருந்து ஊரார் வெட்டிய குறுகிய வாய்க்கால்களே என்றும், அரசர்கள் வெட்டுவித்த பெரிய கால்வாய்கள் அதற்குப் பின்னர் வந்தவை என்றும் அவர் முடிவு செய்தார்.

கட்டடிவயல் எழுதியது:

நான் அகழாய்வு படித்தவன் அல்ல, ஐந்து ஏக்கர் செய்கிறவன். ஆனால் நீங்கள் எல்லோரும் தேடுகிற ஒன்றை நான் கண்ணால் கண்டிருக்கிறேன் என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

போர் முடிந்து 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது குளக்கட்டு எங்கே என்றே தெரியவில்லை. நாயுருவியும் ஈச்சம் பற்றையும் மூடிக் கிடந்தன. துருசின் கதவு இல்லை. வயல் வரம்புகள் எல்லாம் கரைந்து ஒரே வெளியாகக் கிடந்தது. காணி உறுதிகள் முகாமுக்கு வருகிற வழியில் தொலைந்துவிட்டன. எங்களில் பதினொரு குடும்பங்கள்தான் முதலில் வந்தன. ஒரு காரியாலயமும் இன்னும் எங்களை எட்டிப் பார்க்காத அந்த நாட்களில், கத்தியும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு கட்டைத் துப்புரவாக்கினோம். எலி வளைகளையும் நண்டு வளைகளையும் கிண்டி, களிமண் வைத்து இடித்தோம். துருசு வாய்க்கு மரக்குற்றியும் சாக்கும் அடைத்தோம்.

வயல் பிரிக்கிற வேலை வந்தது. ஊரில் மூத்தவர் ஒருவர், என் பெரியப்பா முறையானவர், ஒரு மருதமரத்தடியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். பிறகு தடியை ஊன்றி நடந்து, "இது இன்னாருடையது, இதிலிருந்து இந்தப் பள்ளம் வரைக்கும் இன்னாருடையது" என்று சொல்லிக்கொண்டே போனார். பின்னால் நடந்த நாங்கள் குற்றி அடித்தோம். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வராத குடும்பங்களுடைய வயலையும் அவர் அதே மாதிரிக் காட்டி, அதை ஒருவரும் தொடக்கூடாது என்றார், ஒருவரும் தொடவுமில்லை. காலபோகம் விளைந்தது. அரசு, சட்டம், கடதாசி எதுவும் இல்லாமல் ஒரு குளமும் ஐம்பது ஏக்கரும் ஒரு வருடம் ஒழுங்காக நடந்ததற்கு நான் சாட்சி.

ஆனால் அதோடு முடியவில்லை. இரண்டு மூன்று வருடத்தில் காணி வாங்கி வந்தவர்கள், பெண் எடுத்து வந்தவர்கள், குத்தகைக்குச் செய்கிறவர்கள் என்று புதியவர்கள் சேர்ந்தார்கள். பெரியப்பாவும் காலமானார். சிறுபோகத்தில் தண்ணீர் அரைக்குளம்தான் நின்றது. யார் எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்த இரவு யாருடைய மடையைத் திறப்பது என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். ஒரு இரவு மண்வெட்டிப் பிடியால் அடிபடுகிற அளவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் ஒரு சீஆர் கொப்பி வாங்கினோம். பெயர், ஏக்கர், தண்ணீர் விடும் நேரம் என்று கோடு போட்டு எழுதி, கூட்டத்தில் வாசித்து, எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினோம். கொப்பியை வைத்திருக்கிறவருக்கு அன்றிலிருந்து ஊரில் ஒரு தனி மதிப்பு வந்துவிட்டது. குளம் முந்தியது என்பதுதான் என் சொந்த அனுபவம். ஆனால் அரசன் அதற்கு அடுத்து வரவில்லை, கொப்பிதான் அடுத்து வந்தது.

மாந்தைக்கரை எழுதியது:

கட்டடிவயல் அண்ணா, உங்கள் பதிவை மூன்று முறை வாசித்தேன். நீங்கள் எழுதியிருப்பது உருக் நகரத்தின் வரலாறு.

யூப்ரட்டீஸ் கரையில் கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் இறுதியில் உருக் ஏறத்தாழ இரண்டரைச் சதுரக் கிலோமீற்றர் பரப்புள்ள நகரமாக வளர்ந்துவிட்டது. அவ்வளவு பேரை முகம் தெரிந்து, பெயர் தெரிந்து, இன்னாருடைய மகன் என்று அறிந்து வைத்திருக்க எந்தப் பெரியப்பாவாலும் முடியாது. உலகின் மிகப் பழைய எழுத்து அங்கேதான், கி.மு. 3300, 3200 அளவில் தோன்றுகிறது. கடவுள் வாழ்த்தும் இல்லை, அரசனின் புகழும் இல்லை. அந்தக் களிமண் பலகைகளில் மிகப் பெரும்பாலானவை கணக்குகள்: இத்தனை அளவு வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை குடம் மது, பெற்றவர் இன்னார்.

அந்த எழுத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மேற்காசிய ஊர்களில் சிறிய களிமண் வில்லைகள் கிடைக்கின்றன, கூம்பாகவும் உருண்டையாகவும் தட்டையாகவும். ஒவ்வொரு வடிவமும் ஒரு பண்டத்தின் அளவைக் குறித்தது என்று டெனிஸ் ஷ்மான்ட்-பெசெரா விளக்கினார். ஆட்டை ஓட்டிச் செல்கிறவனிடம் கொடுக்கும்போது வில்லைகளை ஒரு களிமண் உருண்டைக்குள் வைத்து மூடி, மேலே முத்திரை பதித்துவிடுவார்கள். உள்ளே எத்தனை இருக்கிறது என்று அறிய உடைக்க வேண்டியிருந்ததால், அடைப்பதற்கு முன்பு அதே வில்லையை வெளிப்புறத்தில் அழுத்தி அடையாளம் வைத்தார்கள். வெளியே அடையாளம் இருக்கும்போது உள்ளே வில்லை எதற்கு என்று ஒரு நாள் யாரோ நினைத்திருக்க வேண்டும். உருண்டை தட்டையாகிப் பலகை ஆனது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உருக்கின் குப்பை மேடுகளில் ஒரே அளவில் அச்சில் செய்த, விளிம்பு சரிந்த, அழகே இல்லாத மண் கிண்ணங்கள் கணக்கின்றிக் கிடக்கின்றன. வேலை செய்தவர்களுக்குத் தானியப்படி அளந்த கிண்ணங்கள் அவை என்று பலரும், ரொட்டி சுட்ட அச்சுகள் என்று வேறு சிலரும் கருதுகிறார்கள். 'உண்' என்பதற்கான பழைய எழுத்துக் குறி, ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும். சூடு மிதித்த களத்தில் மரைக்கால் எத்தனை தரம் நிரம்பியது என்று பார்த்துக்கொண்டு நிற்கிற நம்மவர்களுக்கு, அந்தக் குறியைப் புரிந்துகொள்ள உரையாசிரியர் வேண்டியதில்லை.

தொன்மைத்தேடல் எழுதியது:

எல்லோரும் மெசப்பொத்தேமியாவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் சிவகளையில் இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 சனவரியில் அறிவித்தார்கள். கீழடியில் கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே நகர வாழ்வு இருந்திருக்கிறது. முதல் நாகரிகம் எது என்ற கேள்விக்கு நாம் நம்முடைய இடத்தைக் கேட்டுப் பெற வேண்டாமா?

மாந்தைக்கரை எழுதியது:

உங்கள் ஆர்வம் எனக்கும் உண்டு. அதனாலேயே நிதானமாகச் சொல்கிறேன். சிவகளைக் காலக்கணிப்பு உண்மையில் மிக முக்கியமானது. மற்ற இடங்களிலும் அதே காலம் கிடைத்து, ஆய்வாளர் உலகம் அதை உரசிப் பார்த்து ஏற்றுக்கொள்ளும்போது அதன் மதிப்பு இன்னும் உயரும். ஆனால் இரும்பு உருக்கத் தெரிவது ஒன்று, நகரம் அமைப்பது வேறொன்று. உருக்கில் நகரமும் எழுத்தும் இருந்தன, இரும்பு உருக்குகிற தொழில் இல்லை. ஆசிரியருடைய கேள்வி யார் முதலில் என்பது பற்றியதும் அன்று, எது எதைப் பிறப்பித்தது என்பது பற்றியது.

நம் பக்கத்துக் காலநிரலை உள்ளபடி பார்ப்பதிலும் ஒரு பெருமை இருக்கிறது. திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தை மேட்டின் அடித்தளத்தில், கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டில், நுண்கற்கருவிகளோடு சிப்பி உடைத்து உண்ட மக்கள் இருந்தார்கள். சிந்துவெளி நகரங்கள் ஒடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கி.மு. 900 அளவில் அநுராதபுரத்தில் இரும்பும் நெல்லும் மாடும் கொண்ட குடியிருப்பு 10 ஹெக்டேயரைத் தாண்டிவிட்டது. சில நூற்றாண்டுகள் கழித்து, இன்றைய வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகையொன்றில் 'தமேட வணிஜ கஹபதி விசாக' என்று, விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயரைப் பிராமி எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். மாந்தை மேட்டிலேயே பிற்காலத்தில் மாதோட்டத் துறைமுகம் எழுந்து, அயல்நாட்டு மிளகும் கராம்பும் கோதுமையும் இறங்கின. சிப்பி உடைத்தவர்களின் மேட்டில் கப்பல் வணிகம் நடந்தது என்பது எந்த நாட்டின் வரலாற்றுக்கும் குறைந்ததல்ல.

குரக்கன்திரிகை எழுதியது:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். அரசனையும் குளத்தையும் கொப்பியையும் பேசிய உங்களில் ஒருவரும் அந்தத் தானியத்தை அரைத்தவர்கள் யார் என்று கேட்கவில்லை.

சிரியாவில் அபு ஹுரேரா என்ற ஊரில் வேட்டை வாழ்விலிருந்து பயிர்ச்செய்கைக்கு மாறிய மக்களின் எலும்புக்கூடுகளைத் தேயா மொலிசன் ஆராய்ந்தார். பெண்களுடைய கால் பெருவிரல் மூட்டுகள் தேய்ந்து வளைந்திருந்தன, முழங்காலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியும் பழுதுபட்டிருந்தன. நாள்தோறும் பல மணி நேரம் முழங்காலில் இருந்து, கால் விரல்களை நிலத்தில் மடக்கி ஊன்றி, கல்லில் தானியத்தை முன்னும் பின்னும் தேய்த்ததால் வந்த பழுது அது. என் அம்மம்மா குரக்கன் திரித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி, வலக்கையால் திரிகையைச் சுற்றிக்கொண்டே இடக்கையால் குழியில் தானியம் போடுவா. நடுச் சாமத்தில் நித்திரை முறிந்தால் அந்தச் சத்தம் கேட்கும். கடைசிக் காலத்தில் அவவுக்கு வலத் தோளை உயர்த்த முடியவில்லை. நாகரிகம் வளர்ந்தது என்று நாம் எழுதுகிற வரியில் அந்தத் தோளுக்கும் இடம் வேண்டும்.

கட்டடிவயல் அண்ணாவின் பதினொரு குடும்பக் கதை என் மனதைத் தொட்டது. ஆயினும் ஊர் ஒற்றுமையிலும் கட்டாயம் இருந்திருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிரித்தானியர் 1830களின் தொடக்கத்தில் இராசகாரியத்தை ஒழித்தபோது, கட்டாய ஊழியம் போனது நன்மைதான். ஆனால் அதோடு பல ஊர்க் குளங்களின் பராமரிப்பும் குலைந்தது. பிறகு 1856இல் நெற்காணி நீர்ப்பாசனச் சட்டம் கொண்டுவந்து, பழைய வழக்காறுகளுக்குச் சட்ட வலுக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரும் இப்படித்தான். பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தில், தன் கரையைப் பலப்படுத்தாமல் சோம்பியிருந்து உடைப்பெடுக்க விட்டவன் அயல் வயல்களில் அழிந்த தானியத்தை ஈடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அவனையும் அவன் உடைமையையும் விற்று, அந்த வெள்ளியை அயலார் பங்கிட வேண்டும் என்று இருக்கிறது. கொப்பி வைத்திருக்கிறவருக்கு மதிப்பு வந்தது என்று அண்ணா எழுதினார். அந்த மதிப்பு ஆளை விற்கிற அதிகாரமாக எப்போது மாறுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஆசிரியர்.

துருசடி எழுதியது:

தங்கச்சி எழுதியது எனக்கு உறைத்தது. என் பழைய கருத்தில் ஒரு பகுதியை மாற்றிக்கொள்கிறேன்.

அதிகாரம் எங்கே முளைக்கிறது என்று யோசித்தால், குளத்துக்குள்ளே அல்ல, இரண்டு குளங்களுக்கு இடையிலே என்று இப்போது தோன்றுகிறது. ஓர் ஊருக்குள் மடைச் சண்டை வந்தால் ஊர்ப் பெரியவர் தீர்ப்பார். மேற்குளத்தார் வானை உயர்த்திக் கட்டி, கீழ்க்குளத்தார் வயல் காய்ந்தால் அதை யார் தீர்ப்பது? நான் வேலை பார்த்த காலத்தில் வந்த மிகக் கடுமையான பிணக்குகள் இவ்வகையானவை. ஒரு அடி மணல் மூட்டை அடுக்கியதற்காக இரண்டு ஊர்கள் மூன்று வருடம் முகம் பார்க்காமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். மெசப்பொத்தேமியாவில் அப்படி ஏதும் சான்று உண்டா, தம்பி?

மாந்தைக்கரை எழுதியது:

உண்டு, ஐயா. லகாஷ், உம்மா என்ற இரண்டு அயல் நகரங்கள் கு-எடின் என்ற எல்லை வயலுக்கும் அதன் வாய்க்காலுக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் சண்டையிட்டன. முதலில் கிஷ் நகரத்து அரசன் மெசிலிம் நடுவனாக வந்து எல்லைக் கல் நட்டான். உம்மா அதைப் பிடுங்கியது. கி.மு. 25ஆம் நூற்றாண்டளவில் லகாஷின் அரசன் எயன்னாதும் போரில் வென்று, வேலேந்திய படை வரிசையையும் இறந்தவர்களின் தலைகளைக் கொத்திச் செல்லும் கழுகுகளையும் கல்லில் செதுக்கி நிறுத்தினான். உம்மா வாய்க்கால் நீரைத் திருப்பியதால், பின்வந்த என்மெதேனா தைகிரிசிலிருந்து வேறு வாய்க்கால் வெட்டினான். நீங்கள் சொன்னதுதான்: வாய்க்கால் முதலில் இருந்தது, பிணக்கு அடுத்து வந்தது, பெரிய அரசனும் பெரிய வாய்க்காலும் அதற்குப் பிறகு வந்தன.

ஆனால் இதையே எல்லா இடத்துக்கும் பொதுவிதியாக்க நான் அஞ்சுகிறேன். சிந்துவெளியில் நிலைமை வேறு. மொகஞ்சதாரோவில் 700க்கும் மேற்பட்ட கிணறுகள் இருந்திருக்கும் என்று மிக்கேல் யான்சன் கணித்தார். ஆப்பு வடிவச் செங்கல்லை வட்டமாக அடுக்கிக் கட்டிய அந்தக் கிணறுகள், நம் கட்டுக்கிணறுகளைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சியாக இருக்கும். சில வீடுகளுக்கு ஒரு கிணறு என்றால் நீருக்காக ஒருவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான மைல் பரப்பில் ஒரே அளவுச் செங்கல்லும் ஒரே வரிசை எடைக்கற்களும் புழங்கிய அந்த நாட்டில், ஐயமின்றி அரண்மனை என்று சொல்லக்கூடிய கட்டடமோ அரசனின் புதைகுழியோ இதுவரை கிடைக்கவில்லை. கட்ச் பகுதியில் உள்ள தோலவீராவோ நம் வன்னிக்கு இன்னும் நெருக்கம். மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற இரண்டு ஓடைகளுக்கு இடையில் அமைந்த அந்த நகரத்தார், ஓடைகளை மறித்து, பாறையில் வெட்டியும் கல்லால் கட்டியும் அமைத்த வரிசையான நீர்த்தேக்கங்களில் ஆண்டு முழுவதற்கும் நீரைச் சேமித்தார்கள். கனகராயன் ஆறும் பாலியாறும் ஆடி, ஆவணியில் மணலாகக் கிடப்பதைப் பார்த்த எவருக்கும் அவர்களுடைய கவலை விளங்கும்.

பாலைநிழல் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அந்த வகுப்பை நடத்தினேன். பழைய படிவரிசையைக் கரும்பலகையில் எழுதி, அதற்குப் பக்கத்திலேயே கோபெக்லி தெப்பே, உருக், மொகஞ்சதாரோ என்று மூன்று பெயர்களை எழுதி, எந்த இடத்தில் வரிசை பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று பிள்ளைகளையே சொல்ல விட்டேன். கட்டடிவயல் ஐயாவின் கொப்பியைச் சொன்னபோது, தங்கள் ஊரிலும் அப்படியொரு கொப்பி இருக்கிறது என்று நான்கு பேர் கையுயர்த்தினார்கள். அபு ஹுரேராவின் பெண்களைப் பற்றிச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

கேள்வி கேட்ட மாணவி இன்று காலை இன்னொரு செய்தியோடு வந்தாள். தங்கள் முன்னோர்தான் கட்டினார்கள் என்று சொன்ன அதே பாட்டனார், துருசுக்குக் கீழே ஐம்பது யார் தள்ளிப் பற்றைக்குள் நிலத்தில் புதைந்து, ஒரே அளவில் கொத்திய இரண்டு நீளக் கற்கள் கிடப்பதாகவும், அவை தான் பிறப்பதற்கு முன்பே கிடந்தவை என்றும் சொன்னாராம். ஒரு கல்லின் ஓரத்தில் சதுரமாக ஒரு துளை இருக்கிறதாம். துருசடி ஐயா, அது என்னவாக இருக்கும்?

துருசடி எழுதியது:

பார்க்காமல் சொல்லக்கூடாது. சதுரத் துளையுள்ள கொத்துக் கல் என்றால் பழைய துருசின் துண்டாகவும் இருக்கலாம், கோயில் கல்லாகவும் இருக்கலாம். துருசாக இருந்தால், பாட்டனாரின் முன்னோர் போட்டது புதுக் கட்டு அல்ல, உடைந்து கிடந்த ஒரு பழைய கட்டின் மேல் போட்ட கட்டு. அப்போது அந்தப் பிள்ளையின் கேள்வி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

கல்லை ஒருவரும் புரட்ட வேண்டாம், சுற்றியுள்ள மண்ணைக் கிண்டவும் வேண்டாம். நீளம், அகலம், துளையின் அளவு மூன்றையும் நாடாவால் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். கல் கட்டுக்கு நேராகக் கிடக்கிறதா, குறுக்காகக் கிடக்கிறதா என்பதை மறக்காமல் குறியுங்கள், அதுதான் முக்கியம். பிறகு தொல்லியல் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். கார்த்திகை மழை இறங்கிவிட்டால் கட்டுக்குக் கீழ்ப்பக்கம் சேறாகிவிடும் என்பதால், இந்தச் சனிக்கிழமையே நான் முல்லைத்தீவு வரும்போது பாடசாலைக்கு வந்து உங்களோடு சேர்ந்து பார்க்கிறேன். பாட்டனாரையும் வரச் சொல்லுங்கள்.